சாடிக்குள் ஒரு மாமரம்

மாமரத்துக்கு விஞ்ஞானம் இட்ட பெயர் மாஞ்சிபெரா இன்டிகா. மாங்காயைத் தரும் இந்திய மரம் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். சுவீடனைச் சேர்ந்த லின்னேயஸ் 1753 இல் இப்பெயரை அச்சேற்றினார். அவர் ஆதாரமாகக் காட்டிய நூல்களுள் ஒன்று, மலபாரில் ஒல்லாந்தரின் ஆளுநராக இருந்த வான் றீட் தொகுத்த 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்'. அம்ஸ்ரடாமில் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு பாகங்களாக வெளிவந்த அந்நூலின் நான்காம் பாகத்தில் மாமரம் படத்தோடு இடம்பெறுகின்றது. அதற்கும் முன்னரே போர்த்துக்கேயர் எமது கரையோரங்களில் கேட்ட 'மாங்காய்', 'மாங்ங' என்ற சொல்லை 'மங்கா' என்று தமது நாவுக்கு ஏற்றபடி திருத்திக்கொண்டு போய்விட்டார்கள். யேர்மன் மொழியின் 'மங்கோ'வும் அந்த வழியில் வந்ததுதான்.

ஆக, ஐரோப்பாவுக்கு எமது சொல் வந்து ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள். நாம் வந்து நாற்பது ஆண்டுகள். மரமோ இன்னும் வழியிலேதான் நிற்கிறது. ஸ்பெயினின் மாலகாக் கரையிலும் சிசிலியிலும் இன்று மாந்தோப்புகள் உண்டு. அல்ப்ஸ் மலைக்கு வடக்கே திறந்த நிலத்தில் நட்ட மாங்கன்று ஒரு குளிர்காலத்தையும் தாண்டாது. யனவரி மாதச் சராசரி வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டியே நிற்கும் பேர்ணில் அதை நடுவதென்றால் சாடிக்குள்தான் நட வேண்டும்.

பேர்ணின் மேற்கே, பூம்ப்ளிஸில், எம்மவரின் அடுக்குமாடி யன்னலோரங்களில் அப்படிச் சில மரங்கள் நிற்கின்றன. இவற்றை ஊர்நினைவின் அலங்காரம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. காய்க்காத மரத்துக்கு இவ்வளவு பாடா என்று சிரிப்பவர்களும் எமக்குள் உண்டு. ஆனால் மாமரம் உலகெங்கும் பரவிய கதையை அறிந்தவர்கள் இந்தச் சாடியைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள்.

*

நெல்லையும் பயறையும் போல மாங்கொட்டையைச் சாக்கில் கட்டி வைக்க முடியாது. காய்ந்தால் அது செத்துவிடும். குளிரில் வைத்தாலும் செத்துவிடும். பழத்திலிருந்து எடுத்த சில வாரங்களுக்குள் மண்ணைக் காணவேண்டும். மாதக்கணக்கில் கடலில் மிதந்த பாய்க்கப்பல்களின் காலத்தில் இதற்கு என்ன பொருள்? மாவைத் தூரதேசம் கொண்டுபோக விரும்பியவன் விதையையல்ல, உயிரோடு நிற்கும் கன்றையே கொண்டுபோக வேண்டியிருந்தது. குடிதண்ணீரை அளந்து கொடுக்கும் கப்பலில் கன்றுக்கும் பங்கு ஒதுக்க வேண்டும். உப்புக்காற்றுப் படாமல் மூடவேண்டும். வெயில் வரும்போது திறக்கவேண்டும். ஒவ்வொரு கன்றுக்கும் பின்னால் பெயர் தெரியாத ஒருவரின் கைகள் இருந்திருக்கின்றன.

1782 இல் இந்து சமுத்திரத் தீவிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளின் சான் டொமிங்குக்குச் செடிகளோடு போய்க்கொண்டிருந்த ஒரு பிரெஞ்சுக் கப்பலை ஆங்கிலக் கடற்படையினர் கைப்பற்றி யமேக்காவுக்குக் கொண்டு சென்றார்கள். செடிகளுக்குப் பெயரில்லை, இலக்கம் மட்டுமே கட்டப்பட்டிருந்தது. பதினொன்றாம் இலக்கத்துச் செடி மாமரம். அந்த வழியில் வந்த மாம்பழத்துக்கு யமேக்காவில் இன்றும் 'நம்பர் லெவன்' என்றுதான் பெயர். பெயர் பறிபோய் இலக்கம் ஒட்டப்பட்டு ஒரு நாட்டில் இறங்குவது எப்படியிருக்கும் என்பது, அகதி முகாம்களின் வரிசையில் கோப்பு இலக்கத்தோடு நின்ற எமக்குப் புதிதல்ல.

செடிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்து அனுப்பும் முறையை இலண்டன் மருத்துவரான வார்ட் கண்டுபிடித்து, 1833 இல் சிட்னி வரை அனுப்பிப் பார்த்தார். அதன் பின்னரே செடிகளின் கடற்பயணம் இலகுவாயிற்று. அதற்கும் முந்திய காலத்திலேயே ஐரோப்பிய அரசர்கள் தோடை, எலுமிச்சை மரங்களைப் பெரிய பெட்டிகளில் வளர்த்து, குளிர்காலத்தில் கூரைக்குள் இழுத்து, கோடையில் வெளியே வைத்தார்கள். அந்தக் கட்டடத்துக்கு ஒராஞ்சரி என்று பெயர். பதினான்காம் லூயி வெர்சாய் அரண்மனையில் 1684 இல் கட்டத் தொடங்கிய ஒராஞ்சரி புகழ்பெற்றது. பேர்ணிலும் எல்பெனாவ் தோட்டத்தில் ஒன்று இருக்கிறது. 'ஒராஞ்' என்ற சொல்லும் நாரங்கம் என்ற சொல்லின் வழியே போனது. அதன் மூலம் எமது நாரத்தையோடு உறவுடைய திராவிடச் சொல்லாகலாம் என்று மொழியியலாளர் பலர் கருதுவர். ஆகவே, வெப்பதேசத்து மரத்தைச் சாடியில் நட்டு, வருடத்துக்கு இருமுறை தூக்கி வைப்பது ஏதோ எம்மவரின் பைத்தியம் அல்ல. ஐரோப்பிய மன்னர்கள் வேலையாட்களை வைத்துச் செய்ததை, உணவகச் சமையலறையில் பத்து மணிநேரம் நின்றுவிட்டு வந்து நாம் தனியே செய்கிறோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

*

பூம்ப்ளிஸ் 1919 வரை தனிக் கிராமசபை. அந்த ஆண்டில்தான் பேர்ண் நகரோடு சேர்ந்தது. 1958 இல் தொடங்கிக் கட்டப்பட்ட சார்னகூற் போன்ற அடுக்குமாடித் தொகுதிகள் அதன் தோற்றத்தையே மாற்றின. இத்தாலியர், ஸ்பானியர், போர்த்துக்கேயர், துருக்கியர், அல்பானியர் என்று வந்தவர்களின் வரிசையில், 1983 யூலைக்குப் பின்னர் நாமும் வந்து சேர்ந்தோம்.

அக்காலத்தில் எம்மவர் எவரும் மாங்கொட்டை ஊன்றியதாக நினைவில்லை. காரணம் குளிர் மட்டுமல்ல. விதையிலிருந்து எழும் மா காய்ப்பதற்கு ஐந்தாறு ஆண்டுகளாவது வேண்டும். கையில் இருந்ததோ, தஞ்ச விண்ணப்பம் முடியும்வரை மட்டும் செல்லுபடியாகும் 'என்' அட்டை. அதிர்ஷ்டமிருந்தால் வருடாவருடம் புதுப்பிக்கவேண்டிய 'எப்' அட்டை. 1994 இல் சுவிற்சர்லாந்தும் இலங்கையும் திருப்பி அனுப்புதல் பற்றி உடன்பாடு செய்துகொண்டன. அடுத்த ஆண்டின் மாம்பழக் காலத்தில் எந்த நாட்டில் இருப்போம் என்று தெரியாதவன் மரம் நடமாட்டான். 2000 மார்ச்சில் சுவிஸ் அரசு 'மனிதாபிமான நடவடிக்கை 2000' என்ற பெயரில், 1992 முடிவுக்கு முன்னர் வந்து நிலையின்றி இருந்தவர்களுள் பலருக்குத் தங்கும் உரிமை வழங்கியது. பயன்பெற்றோரில் பெரும்பான்மையினர் இலங்கையர். சாடி மாமரங்களின் காலம் அதன் பின்னர்தான் தொடங்கியது என்று நாம் எண்ணுகிறோம். எந்தப் புள்ளிவிபரத்திலும் இது இல்லை. ஆனால் தளபாடம் வாங்கத் தொடங்கிய காலத்தில்தான் எம்மவர் பூச்சாடியும் வாங்கத் தொடங்கினார்கள்.

பழத்துக்கு முன்னர் தேவைப்பட்டது இலை. பிறந்தநாளோ, பூப்புனித நீராட்டோ, பொங்கலோ, வாசலில் நிறைகுடம் வேண்டும். நிறைகுடத்துக்கு மாவிலை வேண்டும். தமிழ்க் கடையில் விமானத்தில் வந்திறங்கும் இலை எப்போதும் கிடைக்காது. கிடைத்தாலும் வாடிக் கறுத்திருக்கும். ஆரம்பகாலத்தில் எம்மவர் கண்டுபிடித்த மாற்றுவழி, சுவிஸ்காரர் வீட்டு வேலிகளில் செழித்து நிற்கும் கிர்ஷ்லோர்பேர் இலை. நீளமும் மினுமினுப்பும் மாவிலை போலவே இருக்கும். தூரத்தில் நின்று பார்க்கும் பாட்டிக்கு வித்தியாசம் தெரியாது. பிறகு பிளாஸ்ரிக் மாவிலைத் தோரணம் வந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் கிர்ஷ்லோர்பேரும் இந்த மண்ணுக்குரியதல்ல. கருங்கடல் பக்கத்திலிருந்து அலங்காரத்துக்காகக் கொண்டுவரப்பட்டது. காடுகளுக்குள் பரவி உள்ளூர்ச் செடிகளை நெருக்குகிறது என்பதால் 2024 செப்ரெம்பர் முதலாம் திகதியிலிருந்து சுவிற்சர்லாந்தில் அதன் விற்பனை தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஏற்கெனவே நிற்கும் வேலிகள் நிற்கலாம், புதிதாக விற்கமுடியாது. 2020 யனவரியிலிருந்து இன்னொரு விதியும் நடைமுறையில் உண்டு. ஐரோப்பாவுக்கு வெளியேயிருந்து பயணப்பையில் கொண்டுவரும் பழம், இலை, செடி எதற்கும் தாவரநலச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழம், அன்னாசி, தேங்காய், பேரீச்சை, டுரியான் ஆகிய ஐந்துக்கும் மட்டுமே விலக்கு. மாம்பழத்துக்கு விலக்கில்லை. பழ ஈக்களையும் நோய்களையும் நினைத்தால் விதியில் நியாயமில்லை என்று சொல்லிவிட முடியாது. ஊரிலிருந்து வரும் அம்மா கைப்பைக்குள் மறைத்துக் கொண்டுவந்த கறுத்தக்கொழும்பான்களின் காலம் முடிந்துவிட்டது என்பதே எமக்கு அதன் பொருள். 2014 டிசெம்பரில் ஒய்ரோப்பாபிளாற்ஸில் திறக்கப்பட்ட சமயங்களின் இல்லத்துக்குள் இன்று சைவக்கோயில் இருக்கிறது. பூம்ப்ளிஸிலிருந்து கூப்பிடு தூரம். கோயில் வந்துவிட்டது. இலைதான் இன்னமும் இங்கேயே முளைக்கவேண்டியிருக்கிறது.

*

முளைக்க வைப்பது கடினமல்ல. பழத்தைத் தின்றதும் கொட்டையைக் கழுவி, ஒருநாள் காயவிட்டு, ஓரத்தைக் கத்தியால் மெதுவாகப் பிளந்து உள்ளிருக்கும் பருப்பை எடுக்கவேண்டும். வளைந்த முதுகு மேலே இருக்கும்படி மண்ணில் படுக்கவைத்து மெல்ல மூடவேண்டும். 25 பாகைக்குக் குறையாத சூடு இருந்தால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் முளை தெரியும். ஆணிவேர் ஆழமாக ஓடும் மரமாகையால் அகலத்தைவிட ஆழமான சாடியே நல்லது. அடியில் துவாரமும், துவாரத்தின் மேல் சரளைக்கல்லும் வேண்டும்.

புதுத்தளிர் செம்புநிறத்தில், துவண்டு தொங்கியபடி வரும். அது வாட்டமல்ல, மாவின் இயல்பு. மாந்தளிர் மேனி என்று பாடிய மொழிக்காரர் நாம். இருந்தும் இங்கே அதைக் கண்டு பயந்து தண்ணீரை ஊற்றி ஊற்றி வேரை அழுகவைத்துக் கன்றைக் கொன்றவர்கள் பலர். ஓரிரு வாரத்தில் இலை தானே நிமிர்ந்து பச்சையாகும்.

வெளியே வைப்பதற்கு இந்நாட்டு விவசாயிகளின் கணக்கையே நாமும் கைக்கொள்ள வேண்டும். மே 12 முதல் 15 வரையான நாட்களை அவர்கள் 'பனிப் புனிதர்'களின் நாட்கள் என்பார்கள். கடைசி நாள் 'குளிர்ந்த சோபி'க்குரியது. அவள் போகும்வரை வெளியே எதையும் வைக்கமாட்டார்கள். அதற்குப் பிறகும் மரத்தை நேரே வெயிலில் நிறுத்தினால் இலை எரிந்துபோகும். முதல் பத்து நாட்கள் நிழலில் வைத்துப் பழக்கவேண்டும். கோடையில் பல்கனியில் நன்றாகத் தண்ணீர் குடித்துத் தளிர்த்தெழும். செப்ரெம்பர் முடிவில், இரவு பத்துப் பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கும்போது உள்ளே எடுத்துவிட வேண்டும்.

குளிர்காலம்தான் சோதனை. டிசெம்பரின் நடுப்பகுதியில் பேர்ணின் பகற்பொழுது எட்டரை மணித்தியாலம். யாழ்ப்பாணத்தில் அதே நாளில் பதினொன்றரை. மரத்துக்கு முதலில் குறைவது சூடல்ல, வெளிச்சம். தெற்குப் பார்த்த யன்னலோரம் வேண்டும். முடிந்தால் செடிகளுக்கான மின்விளக்கும் வேண்டும். ஹீற்றரின் மேலே வைத்தால் காற்றின் ஈரலிப்புக் குறைந்து இலைநுனி கருகும்; சிலந்திப்பேனும் செதிற்பூச்சியும் சேரும். இலையின் இருபுறத்தையும் வாரமொருமுறை ஈரத்துணியால் துடைப்பதே சிறந்த மருந்து. தண்ணீரைக் குறைத்து, மேல்மண் காய்ந்தபின்னரே ஊற்றவேண்டும். குழாய்த்தண்ணீரில் சுண்ணாம்பு கூட. மழைத்தண்ணீர் பிடித்துவைத்தால் நல்லது. பசளை மார்ச்சுக்குப் பிறகுதான்.

காய்க்குமா என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. மா பூப்பதற்கு முதிர்ந்த கிளையும், சில வார மிதமான குளிரும், வறட்சியும் உதவும். ஊரில் மார்கழி, தைப் பனி செய்த வேலை அது. இங்கேயோ ஒன்றில் உறைபனி, அல்லது அறையில் மாறாத 22 பாகை. இரவில் 15 பாகை வரை இறங்கும், ஆனால் வெளிச்சமுள்ள படிக்கட்டு மாடமோ கண்ணாடி மறைப்புள்ள பல்கனியோ கிடைத்தவர்களுக்கு ஒருவேளை பூக்கலாம். ஊரில் ஈக்கள் செய்யும் மகரந்த வேலையை இங்கே மெல்லிய தூரிகையால் நாம் செய்யவேண்டும்.

பழம் பார்க்க விரும்பியவர்களுக்குப் பக்கத்திலேயே ஓர் இடம் அமைந்தது. லொட்ஷ்பேர்க் மலையைக் குடைந்து 2007 இல் திறக்கப்பட்ட 34.6 கிலோமீற்றர் நீளப் புகையிரதச் சுரங்கத்திலிருந்து, மலையின் உட்சூட்டால் சுமார் 20 பாகை வெப்பமுடைய நீர் பெருகி வந்தது. அதை அப்படியே கண்டர் ஆற்றில் விட்டால் குளிர்நீர் மீன்கள் பாதிக்கப்படும். ஆகவே அந்தச் சூட்டைப் பயன்படுத்தி, 2009 இல் புறூற்றிகனில் வெப்பமண்டல இல்லம் ஒன்றைத் திறந்தார்கள். ஸ்ரேர்ஜன் மீன் வளர்ப்போடு, கண்ணாடிக் கூரையின் கீழ் வாழையும் பப்பாசியும் மாவும் வளர்த்தார்கள். இந்நாட்டு ஆற்றுக்குக் கெடுதியான சூடு, எமது மரத்துக்கு உயிராயிற்று.

*

எந்தக் கொட்டையை ஊன்றுவது என்ற கேள்வியும் உண்டு. மாவில் இரண்டு வகை. ஒரு கொட்டையில் ஒரு முளை மட்டும் எழுவது ஒன்று. அது தாயும் தந்தையும் கலந்த பிள்ளை. பழம் எப்படியிருக்குமென்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரே கொட்டையில் பல முளைகள் எழுவது மற்றது. தென்னிந்தியக் கரையோரத்திலும் தென்கிழக்காசியாவிலும் இந்த வகை மிகுதி. இந்தியத் தோட்டக்கலை நூல்கள் குறிப்பிடும் வெள்ளைக்கொழும்பான் இவ்வகையே. அம்முளைகளிற் பெரும்பாலானவை மகரந்தத்தின் கலப்பின்றித் தாய்மரத்தின் இழையத்திலிருந்து எழுபவை, தாயின் அச்சு. கலப்பில் பிறந்த முளை பெரும்பாலும் மெலிந்து பின்தங்கிவிடும்.

தாயின் அச்சாகவே பிள்ளை வேண்டும் என்பது புலம்பெயர்ந்த எம்மவரின் பெருவிருப்பம், மாமரத்தில் மட்டுமல்ல. ஆனால் மிக்றோவிலும் கோப்பிலும் நாம் வாங்கும் மாம்பழத்தின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. 1889 இல் பூனாவிலிருந்து அமெரிக்காவின் புளோரிடாவுக்கு முல்கோபா ஒட்டுக் கன்றுகள் போயின. 1895 இன் கடுங்குளிரைத் தாண்டியது ஒரேயொரு மரம். அந்த வழி வந்த விதைகளை 1902 இல் ஹேடன் என்ற ஓய்வுபெற்ற கப்டன் நட்டார். அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட, அவருடைய மனைவி புளோரன்ஸ் கன்றுகளைப் பேணினார். 1910 இல் அவற்றுள் ஒன்று புதுவிதமாகச் சிவந்து காய்த்தது. முல்கோபாவும், மேற்கிந்தியத் தீவுகளின் வழியே வந்த நார்மிகுந்த சாதாரண மா ஒன்றும் கலந்து பிறந்தது அது என்று பின்னைய மரபணு ஆய்வு காட்டியது. ஹேடனின் விதையிலிருந்து டொமி அட்கின்ஸ் வந்தது. கென்ற், கீற் என்பனவும் அதே புளோரிடா வம்சத்தைச் சேர்ந்தவை. கடையில் அடுக்கியிருக்கும் பழங்கள் பல அந்தக் கலப்புப் பிள்ளையின் சந்ததிகள். கறுத்தக்கொழும்பானின் சுவை அவற்றுக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் உலகின் சந்தைகளை அடைந்தது தாயின் அச்சல்ல என்பதும் உண்மை.

*

ஊர் மாமரத்தைப் பற்றி எம்மவர் எழுதுவதில் ஒரு பொய் இருக்கிறது. எல்லோர் வளவிலும் மா நின்றதுபோல எழுதுகிறோம். நிற்கவில்லை. யாருடைய முற்றத்து மரம், யார் ஏறிப் பறிக்கலாம், யார் படலைக்கு வெளியே நின்று கேட்கவேண்டும் என்பதெல்லாம் சாதியோடும் உறுதியோடும் பின்னிக் கிடந்தன. மலையகத்து லயன்களில் இருந்தவர்களுக்கு மரம் நட வளவே இல்லை. வேலிக்கு மேலால் சாய்ந்த ஒரு கொப்புக்காகக் கோட்டுப்படி ஏறிய சகோதரர்களையும் நாம் அறிவோம்.

இது பழைய கதைதான். சங்ககால நன்னனின் காவல்மரம் மா. ஆற்றில் மிதந்துவந்த அதன் காயைத் தின்ற ஒரு பெண்ணுக்கு அவன் கொலைத்தண்டனை விதித்தான். தண்டமாகத் தர முன்வந்த எண்பத்தொரு யானைகளையும் அவள் நிறையளவு பொற்பாவையையும் ஏற்க மறுத்தான். பின்னர் கோசர் அந்த மாவை வெட்டி வீழ்த்தினார்கள். குறுந்தொகையில் பரணரின் இரண்டு பாடல்கள் இச்செய்திகளைச் சொல்கின்றன. மரத்தைக் காத்தவனின் பெயர் பழியோடு நிலைத்தது, மரமும் மிஞ்சவில்லை. எமது காலத்திலும் அதுவே நடந்தது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து துரத்தப்பட்டவர்களும், 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தையே விட்டு நடந்தவர்களும் மரங்களைக் கொண்டுபோகவில்லை. பல ஆண்டுகளின் பின் தமது நிலத்துக்குத் திரும்ப முடிந்தவர்களில் பலர், மதிலும் வேலியும் இல்லாத பற்றைக்குள் கிணற்றையும் மிஞ்சி நின்ற மரத்தையும் வைத்தே தமது வளவைக் கண்டுபிடித்தார்கள்.

பூம்ப்ளிஸின் சாடி மாமரத்துக்கு உறுதியில்லை, எல்லைவேலியில்லை. வீடு மாறும்போது தூக்கிக்கொண்டு போகலாம். அதில் யாருக்கும் ஆட்சி இல்லை. வேலை மட்டுமே இருக்கிறது. நிலத்தைக் கழித்த பின்னும் மரத்தில் மிஞ்சுவது பராமரிப்பு என்றால், எமது ஊர்களில் எம்மிற் பலருக்கு மறுக்கப்பட்ட மரம் இங்கேதான் முதன்முறையாகக் கிடைத்திருக்கிறது. யன்னலும் பொறுமையும் உள்ள எவரும் வளர்க்கலாம். நிறைகுடத்துக்கு இலை கேட்டு வருபவரிடம் நீ யார், எவ்விடம் என்று விசாரிக்காமல் ஒடித்துக் கொடுக்கப் பழகினால் இந்த மரம் எமக்கு ஏதோ கற்றுத்தந்தது என்று சொல்லலாம்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் மேல்வகுப்புக்கு வரும் பிள்ளைகள் யாப்பிலக்கணத்தில் முதலில் படிப்பது தேமா, புளிமா. எமது கவிதையின் சீர்களை அளப்பதற்கே மாமரத்தைத்தான் முன்னோர் தெரிந்தெடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அவை வெறும் வாய்பாடாக இருக்கக்கூடாதென்றால் ஓர் இலையையாவது கசக்கி மணந்து பார்க்க அவர்களுக்குக் கிடைக்கவேண்டும்.

கோடை விடுமுறைக்கு நாம் ஊருக்குப் போகும் ஐந்தாறு வாரங்களில்தான் மரத்துக்குத் தண்ணீர் அதிகம் தேவை. அப்போது சாவியை வாங்கிக்கொண்டு ஊற்றுபவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர். இத்தாலியராகவோ அல்பானியராகவோ போர்த்துக்கேயராகவோ இருப்பார். கோடைநாளில் ஒன்றுவிட்டொருநாள் காலையில், சாடியின் அடித்துவாரத்தால் வழியும்வரை ஊற்றவேண்டும் என்பதை மட்டும் அவருக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனால் போதும்.